தவளையும் சப்பரமும்

ஹட்டன் ஸ்டாண்டில் வண்டி போடும் தம்பிமாருக்கு,

போன வாரம் டீக்கடை வாசலில் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதைப் பார்த்தேன். பழைய சின்ன வண்டிதான் மலைக்கு ஏற்றது என்று ஒரு கட்சி. காசு மட்டும் இருந்தால் புதிய பெரிய வண்டியை அடிக்க ஆளே இல்லை என்று மறு கட்சி. கடைசியில், "பெருசு, நீங்க ரெண்டையும் ஓட்டுன ஆளு, நீங்களே சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை விட, வண்டிக்குள் உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆசை. அது ஒரு கெட்ட பழக்கம் என்று என் முதலாளி சொல்வார். ஆனாலும் இந்தத் தொழிலில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான்.

என் முதலாளிக்கு ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, ஒரு தோட்டத்துச் சின்னத்துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பல் ஏறினார். போகும்போது தன்னுடைய சின்னக் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அதை முதலாளி வாங்கினார். நான் ஓட்டப் பழகியது அதில்தான். முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். கிளச்சை விட்டால் ஒரு குதி குதித்துத்தான் கிளம்பும். அதனால் தோட்டத்துச் சனங்கள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். மேலே கான்வாஸ் கூரை. மழை பெய்தால் வெளியே கொஞ்சம் கூடுதலாக நனையலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்து வருஷம் போலக் கழித்து வியாபாரம் நன்றாக ஓடியபோது முதலாளிக்கு ஆசை வந்தது. ஓய்வு பெற்றுப் போன ஒரு பெரியதுரையிடமிருந்து பெரிய கார் ஒன்றை வாங்கினார். அதிகம் ஓடாத வண்டி. நாலு கதவு, தோல் சீட்டு, முன் பலகை முழுக்கப் பளபளக்கும் மரம். சாவியைத் திருகினால் போதும், பூனை மாதிரி முனகிக்கொண்டு நிற்கும். அது ஆடி அசைந்து கடைவீதியில் வருவதைப் பார்த்த ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அதன் பெயர் சப்பரம். தேர்த் திருவிழாவில் சாமி வருகிற சப்பரம்தான், வேறு என்ன.

இரண்டையும் முதலாளி வைத்துக்கொண்டார். கடை வேலைக்குப் போக மீதி நேரத்தில் இரண்டும் வாடகைக்கு ஓடும். ஒரே பாதை, ஒரே டிரைவர், இரண்டு வண்டி. பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு தீரவில்லை.

முதல் வியப்பு வாந்தி. ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பாதையின் வளைவுகள் உங்களுக்குத் தெரியும். தவளையில் போனவர்கள் முதுகு வலிக்கிறது, இடுப்பு கழன்றுவிட்டது என்பார்கள், ஆனால் யாரும் வாந்தி எடுக்க மாட்டார்கள். சப்பரத்தில் மெத்தை மேல் போகிறவர்கள் பாதி வழியில் வாயைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டுவார்கள். அதிகம் கொடுத்து ஏறினவர்களுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று எனக்குப் புரியவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நான் அடிக்கடி ஏற்றிப் போகும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சின்ன வண்டி ஒதைக்குது தம்பி, முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். இது தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி ஆட்டுது. பச்சப்புள்ளக்கி அது சரி. எனக்கு வயிறு கொழம்புது."

அதற்குப் பிறகு சப்பரத்தில் வளைவுகளைத் தவளையை விட மெதுவாக எடுக்கத் தொடங்கினேன். வேகமான வண்டியை மெதுவாகவும் மெதுவான வண்டியை வேகமாகவும் ஓட்டுகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று முதலாளி கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "ஒனக்குச் சம்பளம் வண்டி ஓட்டவா, ஆராய்ச்சி பண்ணவா?" என்றார். சீட்டு நாறாமல் இருப்பதைப் பார்த்த பிறகு பேச்சை விட்டுவிட்டார்.

இரண்டாவது வியப்பு செருப்பு. தவளையில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள், பலாப்பழத்தைக் காலடியில் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். அதே மனிதர்கள் சப்பரத்தின் கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். "போட்டுக்கிட்டே ஏறுங்க" என்றால் கேட்கமாட்டார்கள். "இருக்கட்டுங்க" என்று சிரிப்பார்கள். ஏறின பிறகு பேசவும் மாட்டார்கள். தவளையில் நோர்வூட் போய்ச் சேருவதற்குள் எந்த வீட்டில் யாருக்கு யார் மேல் கோபம் என்பது வரை எனக்குத் தெரிந்துவிடும். சப்பரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கூடக் காதோடு காதாகத்தான் பேசுவார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியில் இடி விழுந்தாலும் தெரியாது. வாடகைக்கு வாங்கின மௌனம் அது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. டிரைவருக்குப் பேச்சுத் துணை வேண்டாமா?

இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது பவளத்தின் கல்யாணம்.

பவளத்தின் அப்பா நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கங்காணி. தனக்குக் கீழே ஆள்கட்டு பெரிதாக இல்லாத, சத்தம் போடத் தெரியாத கங்காணி. கூறைப்புடவை எடுக்க எங்கள் கடைக்கு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பொண்ணு அழைப்புக்குப் பெரிய காருதான் வேணும்."

"ஒங்க தோட்டத்துப் பாதைக்குச் சின்ன வண்டிதாங்க லாயக்கு. மடுவத்து வளைவுல பெரிய வண்டி ஒரே திருப்புல திரும்பாது."

"தெரியும் தம்பி. மாப்ள வீட்டம்மா கேட்டிருக்காங்க. நான் என்னா பண்ண?"

அப்புறம் புடவைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே மெல்ல விஷயத்தைச் சொன்னார். பவளத்துக்கு முன்பே ஓர் இடத்தில் பரிசம் போட்டிருந்தார்கள். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இந்தியாவுக்குக் கப்பல் ஏறின பையன் திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து பெண்ணுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் எல்லாம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இந்த மாப்பிள்ளை டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பெண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போய் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். அவனுடைய அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"ஒரு தடவ திரும்பிப் போன சம்பந்தம்னு சொல்றாங்க தம்பி. பொண்ணு வர்றப்ப சகுனத்துல ஒரு குத்தம் வந்துச்சுன்னாலும் வாசல்லயே நிறுத்திருவேன்னு மொகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க. சொன்னா செய்யிற பொம்பள."

இந்தக் கல்யாணமும் நின்றால் அந்தப் பெண்ணுக்கு இனி வாசல் ஏறி வர ஆள் இல்லை என்பது எனக்கும் புரிந்தது.

மடுவத்து வளைவு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பறித்த கொழுந்தை நிறுக்கிற தகரக் கொட்டகைக்குக் கொழுந்து மடுவம் என்று பெயர். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து இறங்கி வருகிற பாதை அந்த மடுவத்தைச் சுற்றி ஊசி மாதிரி வளையும். மேல் பாதையில் நின்றால் மடுவத்தின் கூரை காலடியில் தெரியும். கீழ்ப் பாதையில் நின்றால் அதன் வாசல். வளைவின் வெளி ஓரத்தில் ஒரு கல் கட்டு, அதற்கு அப்பால் தேயிலைச் சரிவு. மாட்டு வண்டிக்காகப் போட்ட பாதை. தவளை அதில் ஒரே திருப்பில் திரும்பிவிடும். சப்பரம் மூக்கைக் கல் கட்டில் கொண்டுபோய் வைத்து, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட்டு, மறுபடி பின்னால் எடுத்துத்தான் திரும்பும். பின்னால் எடுக்கும்போது சக்கரம் கொஞ்சம் பிசகினால் மடுவத்துக் கூரை மேல்தான் இறங்க வேண்டும்.

ஆகவே நானும் கங்காணியும் ஒரு முடிவுக்கு வந்தோம். வண்டி மேலே வராது. மடுவத்து வாசலில் நிற்கும். பெண்ணைத் தப்பு மேளத்தோடு லயத்திலிருந்து நடத்திக் கூட்டிவந்து அங்கே ஏற்றினால் போதும். நல்ல முடிவு. இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பெண் அழைப்பு அன்றைக்கு விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சப்பரத்துக்குப் பூமாலை போட்டு மடுவத்து வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். தவளையை முதலாளி வீட்டு ஆட்கள் வேறு ஒரு விசேஷத்துக்குக் கந்தப்பளைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அப்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தார். பவளத்தின் அத்தை, கங்காணியின் அக்கா. அந்த வீட்டில் சத்தம் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, வண்டிய மேல கொண்டாங்க."

"அப்படிப் பேச்சில்லீங்களே அத்த."

"பேச்சு பேசுனப்ப மழ பேஞ்சுச்சா? பாதையெல்லாம் சேறு. கூறப்பொடவையில சேத்தப் பூசிக்கிட்டுப் போயி எறங்குனா அந்தம்மா என்னா சொல்லும்? கொண்டாங்க."

நியாயம்தான். வண்டியை மேலே ஏற்றினேன். வளைவில் இரண்டு தடவை பின்னால் எடுத்தேன். கூட வந்த அத்தையே குடையோடு நின்று அதைப் பார்த்தார். வெற்று வண்டி பின்னால் போனால் என்ன, முன்னால் போனால் என்ன? அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

லயத்து வாசலில் தேங்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பவளம் வந்தாள். நான் நினைத்தது போலத் தலையைக் குனிந்துகொண்டு வரவில்லை. வண்டியை முன்னும் பின்னும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். வழக்கம் போல அத்தை அவள் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின் சீட்டில் அவளும் அத்தையும், என் பக்கத்தில் கங்காணி. மற்றவர்கள் தப்பு அடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தார்கள். மடுவத்துக்குக் கீழே அவர்களுக்கு ஒரு லொறி நின்றது.

வளைவுக்கு வந்தேன். சப்பரத்தின் மூக்கைக் கல் கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பின் கியரைப் போட்டேன்.

"நிறுத்துங்க!"

அத்தை போட்ட சத்தத்தில் கங்காணி கையில் வைத்திருந்த வெற்றிலைத் தட்டு சரிந்தது.

"என்னாங்க?"

"என்னாவா? பொண்ணு ஏறுன வண்டி பின்னால போகலாமா? அய்யோ, மொதச் சம்பந்தந்தான் திரும்பிப் போச்சுன்னு ஊரெல்லாம் பேசுது. இப்ப வண்டியும் திரும்பிப் போகுதா?"

எனக்கு நெற்றியில் அடித்தது போல இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிய பெண் பின்னால் போகக் கூடாது என்பது எங்கள் சனங்களிடம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாசல் தாண்டின பெண் மறந்துவிட்ட கைக்குட்டையை எடுக்கக் கூடத் திரும்ப மாட்டாள். வளைவைப் பற்றி இவ்வளவு யோசித்த நான் அதை யோசிக்கவில்லை.

"அப்படின்னா எறங்கி நடக்கட்டும்க்கா" என்றார் கங்காணி. "வளைவு தாண்டி ஏறிக்குவோம்."

"ஏறுன பொண்ணு பாதி வழியில எறங்குறது அதவிட மோசம். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

முன்னால் போக இடம் இல்லை. பின்னால் போகக் கூடாது. இறங்கவும் கூடாது. மழையில் நனைந்த சரிவில் பிரேக்கை மிதித்தபடி நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் வந்தவர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். ஆளை விட்டுத் தூக்கித் திருப்பலாம் என்றான் ஒருவன். தூக்கித்தான் பாருங்களேன் என்று எனக்குக் கோபம் வந்தது. முகூர்த்தம் நம்மைக் கேட்டுக்கொண்டா நிற்கும் என்று ஒரு கிழவர் புலம்பினார். கங்காணியின் முகம் பேயறைந்தது போல இருந்தது.

அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். அத்தையின் அதட்டலைத் தள்ளிவிட்டால், சப்பரத்தின் பின் சீட்டிலிருந்து ஒருவர் தானாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அண்ணே, வண்டிதானே பின்னால போகணும்? நான் திரும்பி ஒக்காந்துக்கிட்டா?"

எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். பவளம் கண்ணை அகல விரித்துக்கொண்டு, கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி விரலால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காட்டினாள்.

"நான் பின் கண்ணாடியப் பாத்து ஒக்காந்தா, வண்டி அங்கிட்டுப் போறப்ப எனக்கு அது முன்னாலதானே அத்த?"

அத்தை மூக்குத்தியைத் தடவினார். அவர் தடவி முடிக்கிற வரை நானும் கங்காணியும் அந்தக் கையையே பார்த்தோம். சகுனத்தைப் பற்றி அவர் சொல்வதுதான் அந்தக் குடும்பத்துக்குச் சட்டம்.

"மூஞ்சி எந்தப் பக்கமோ அதானே முன்னால" என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு உரக்க, "திரும்புடி!" என்றார்.

பவளம் புடவையை ஒதுக்கிக்கொண்டு, தோல் சீட்டில் முட்டி போட்டு, பின் கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்தாள். அந்தச் சீட்டில் யாரும் காலைத் தூக்கி வைக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. நல்லவேளை, செருப்பு அத்தையின் பையில் இருந்தது.

இனி என் வேலை. தம்பிமாரே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

தவளையில் பின்னால் எடுப்பது ஒரு வேலையே இல்லை. கையை நீட்டினால் பின் மட்கார்டைத் தொட்டுவிடலாம் போல இருக்கும். சப்பரத்தின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்பது அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். மழை வேறு, மூட்டம் வேறு. வெளியில் நின்ற அத்தனை பேரும் எனக்கு வழி சொல்லத் தொடங்கினார்கள். "வாங்க, வாங்க" என்கிறான் ஒருவன். "நில்லு, நில்லு" என்கிறான் இன்னொருவன். "ஒடிங்க" என்கிறார் கிழவர், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. இதற்கு நடுவே தப்பு. "அதக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். "பொண்ணு போறப்ப தப்பு நிக்கவே கூடாது" என்றார் அத்தை.

நான் என் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினேன். கங்காணியையும் ஏற்றச் சொன்னேன்.

இத்தனை பேர் உதவிக்கு நிற்கும்போது கண்ணாடியைத் தாழ்த்துவதுதான் எல்லோரும் செய்வது. என் கையும் முதலில் அதற்குத்தான் போனது. ஆனால் பத்துப் பேர் சொல்லும் வழி பத்து வழி. அவர்கள் எல்லோரும் வண்டிக்கு வெளியே நிற்கிறவர்கள், வண்டி சரிந்தால் ஒதுங்கிக்கொள்ளக் கூடியவர்கள். உள்ளே இருந்துகொண்டு பின்னால் பார்க்கிறவள் ஒருத்திதான். கண்ணாடி ஏறியதும் தப்பும் கூச்சலும் எங்கேயோ அடுத்த மலையில் கேட்பது போல அடங்கிப் போயின. எனக்குப் பிடிக்காத அந்த மௌனத்துக்குள் பவளத்தின் மூச்சு கூடக் கேட்டது.

"தங்கச்சி, நீ சொல்றது மட்டுந்தான் எனக்குக் கேக்குது. பாத்துச் சொல்லு."

"கண்ணாடி பூத்துப்போச்சுண்ணே."

"தொட."

முந்தானையை எடுத்துத் துடைத்தாள். அத்தை ஐயோ என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"வாங்கண்ணே. எடம் இருக்கு. வாங்க. கொஞ்சம் வலது பக்கமா."

"என் வலதா, ஒன் வலதா?"

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறவளுக்கு வலது எது? சட்டென்று அவளே சொன்னாள். "வலது எடது வேணாம்ணே. மலப் பக்கம், மடுவப் பக்கம். இப்ப மலப் பக்கமா வாங்க."

அதற்குப் பிறகு தடையே இல்லை. "மலப் பக்கம். இன்னும் மலப் பக்கம். கூர தெரியுது, மெல்ல. போதும்!" நிறுத்தினேன். முன் கியர் போட்டதும் அத்தை, "திரும்புடி!" என்றார். பவளம் முன்னால் பார்த்து உட்கார்ந்தாள். மூக்கு மறுபடி கல் கட்டுக்குப் போனது. பின் கியர். "திரும்புடி!" மறுபடி முட்டி போட்டாள். இந்த முறை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மடுவப் பக்கம் கொஞ்சம்" என்பதைச் சிரிப்போடுதான் சொன்னாள். கங்காணி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்றுகொண்டிருந்தார். நாலாவது "திரும்புடி"க்கு வண்டி கீழ்ப் பாதையில் நேராக நின்றது. கண்ணாடியை இறக்கினேன். தப்புச் சத்தம் பாய்ந்து உள்ளே வந்தது.

டிக்கோயா வரை போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. தவளையாக இருந்திருந்தால் அந்த வளைவில் இந்தச் சிக்கலே இல்லை. ஒரே திருப்பு, போய்க்கொண்டே இருந்திருப்போம். ஆனால் சிக்கல் வந்த பிறகு பார்த்தால், தவளையின் பின் சீட்டில் கல்யாணப் பெண் திரும்பி உட்கார இடம் ஏது? கான்வாஸ் கூரைக்குள் யார் குரலை யாரிடமிருந்து பிரிப்பது? சப்பரமே சிக்கலைக் கொண்டுவந்தது, சப்பரமே அவிழ்க்கவும் இடம் கொடுத்தது. எந்த வண்டி உசத்தி என்று நீங்கள் கேட்கும்போது எனக்கு வாய் வராமல் போவது இதனால்தான். அந்த வண்டிக்குள் உனக்கு என்ன இடம் கிடைக்கிறது என்று தேடிப் பார்க்கிறவனுக்குத்தான் வண்டி உதவும். ஓட்டத் தெரிந்த எல்லோரும் தேடுவதில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. நாங்கள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடின எவனோ செய்தியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். பெரிய கார் வந்து நின்றதைப் பார்த்து ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றார். தட்டு இடுப்புக்கு மேலே எழவில்லை.

பவளம் இறங்கவில்லை. இறங்கச் சொல்ல யாரும் இல்லை.

"வழியில வண்டி பின்னால போச்சாமே?" என்றார் அந்த அம்மா.

கங்காணி பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தார். அத்தை கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார்.

"வண்டி போச்சு சம்பந்தி. எங்க புள்ள போகல. அது மூஞ்சி எப்பவும் போற பக்கந்தான் பாத்துச்சு. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்தேன். என்னைய நம்பலேன்னா டைவரக் கேளுங்க."

அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் என்ன சொல்வது? வண்டி பின்னால் போகவே இல்லை என்றால் பொய். போனது என்று மட்டும் சொன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை வாசலோடு போகும். பின் கியர் போட்டது என் கை. அப்போது முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் முகம்தானே? அது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அவங்க சொல்றது நெசந்தாங்கம்மா. தங்கச்சி முன்னாலதான் போச்சு. பின்னால போனது நான் ஒருத்தந்தாங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு வண்டிக்குள் இருந்த பவளத்தைப் பார்த்தார். பவளத்தின் முந்தானை நனைந்து கசங்கியிருந்தது. புடவையில் முட்டி அழுந்தின இரண்டு சுருக்கம் இன்னும் தெரிந்தது. அந்த அம்மா குனிந்து அதைப் பார்த்தார். உதடு துடித்தது. நான் கோபம் என்றே நினைத்தேன்.

"பொடவையோட முட்டி போட்டுக்கிட்டா வந்த?" என்றார் பவளத்திடம்.

"ஆமாங்க அத்த."

"இங்க வர்றதுக்கு?"

"ஆமாங்க."

தட்டு மேலே எழுந்தது. பவளத்தை இறக்கி, மாப்பிள்ளையோடு நிற்க வைத்து, மூன்று சுற்றுச் சுற்றினார். கங்காணி எல்லோர் முன்னாலும் அழுதார். நான் வண்டியை ஓரம் கட்டலாம் என்று கதவில் கை வைத்தேன்.

"டைவரு, நில்லுங்க."

அந்த அம்மா தட்டோடு என் முன்னால் வந்து நின்றார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பின்னால போனது நீங்கதானே? அந்தக் குத்தம் ஒங்க மேல நிக்கக் கூடாது. முன்னால வாங்க, ஒங்களுக்கும் சுத்திப் போடுறேன்."